புயலுக்குப் பின் எழுந்த வீடுகளும் மனையுரிமையும்

மன்னர் எழுப்பிய கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் வரலாறு எழுதியோர் பலர். விழுந்த போதெல்லாம் மீண்டும் எழுப்பப்பட்ட குடிசைகளுக்கு வரலாறு எழுத முன்வந்தோர் மிகச் சிலரே. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், 1977-ஆம் ஆண்டுப் புயலின்போது இளந்தொண்டர்களாக நாங்கள் கண்டவற்றையும் செய்தவற்றையும், அவற்றிற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த வரலாற்றோடு இணைத்து இம்மலரில் எழுதி வைக்கிறோம். இன்று நம் சங்கத்தில் பயிலும் மாணவ மாணவியருக்கு இச்செய்தி பயன்பட வேண்டும் என்பதே எங்கள் அவா.

பன்னிரண்டாம் நாள்

1977 நவம்பர் 12, சனிக்கிழமை. தீபாவளி கழிந்து இரண்டொரு நாளே ஆகியிருந்தது. அன்று விடியுமுன் கடும்புயலொன்று நாகப்பட்டினத்திற்குச் சற்றுத் தெற்கே கரையைக் கடந்தது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று தஞ்சை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி வரை உள்நாட்டில் புகுந்து அழிவு செய்தது. ஏறத்தாழ 560 பேர் மாண்டனர். பத்து இலட்சம் மக்கள் வீடிழந்தனர். 23,000 கால்நடைகள் மடிந்தன. அந்நாளில் நாகை, திருவாரூர், மயிலாடுதுறை ஆகிய மூன்றும் ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் பகுதிகளே. நாகை தனி மாவட்டமானது 1991-இல்தான்.

ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தின் திவிசீமையை மற்றொரு புயல் தாக்கியது. அங்குக் கடலே ஊர்களுக்குள் புகுந்து பத்தாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. நாட்டின் கவனம் அத்திசையில் திரும்பியது இயல்பே. ஒருவர் துயரை மற்றொருவர் துயரோடு எடைபோட நாம் விரும்பவில்லை. ஆயினும் தஞ்சைத் தரணியின் சேரிகள் அந்நாட்களில் பெரும்பாலும் தம் கைகளையே நம்பியிருந்தன என்பதைப் பதிவு செய்ய வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

அப்போது நாங்கள் அரசு நல விடுதியில் தங்கிப் படித்துக் கொண்டிருந்த மாணவர்கள். பதினொருவர் கூடினோம். விடுதித் தோழர்களிடம் கேட்டுப் பெற்ற அரிசி ஒரு மூட்டை, இரண்டு கோடரி, நான்கு அரிவாள், ஒரு கட்டுத் தேங்காய் நார்க் கயிறு, இவையே எங்கள் உடைமை. விழுந்த மரங்கள் பாதையை அடைத்திருந்தமையால் பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. எஞ்சிய தொலைவை வாய்க்கால் கரைமேல் நடந்தே கடந்தோம். இருபுறமும் சம்பாப் பயிர் நீரில் மூழ்கிக் கிடந்தது. களையெடுப்புக் கூலியை நம்பியிருந்த கைகள் இனி வேலையற்றுப் போகும் என்பது அப்போதே புலப்பட்டது.

நாங்கள் சென்றடைந்த தெருவில் நாற்பதுக்கு மேற்பட்ட குடிசைகள் இருந்தன. கூரையோடு நின்றது ஒன்றுமில்லை. மக்கள் அனைவரும் களத்து மேட்டில் கூடியிருந்தனர். குடிநீர்க் குட்டையில் செத்த ஆடுகள் மிதந்தன. ஊர்த்தெருவின் கிணறு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. புயலடித்த மூன்றாம் நாளிலும் அக்கிணற்றில் சேரி மக்களின் குடம் இறங்க இசைவு கிட்டவில்லை. நாங்கள் செய்த முதற்பணி, குட்டையை இறைத்துத் தூர்வாரியதே.

குடிசையின் இலக்கணம்

வீடு கட்ட வந்த எங்களுக்கு வீடு கட்டத் தெரியாது என்பதை இரண்டாம் நாளே உணர்ந்தோம். காற்றே சுவரைத் தள்ளும் என்று எண்ணியிருந்தோம். உண்மையில் காற்று இறவாணத்தின் அடியில் புகுந்து கூரையைத் தூக்குகிறது. கூரை போனபின் மழைநீர் நேராக மண்சுவரில் இறங்கி அதன் அடியைக் கரைக்கிறது. புயல் ஓய்ந்தது என்று மக்கள் மூச்சு விடும் நேரத்தில் சுவர் சாய்கிறது. அத்தெருவில் மாண்ட இருவரும் அவ்வாறு இரவில் சுவர் விழுந்து மாண்டவர்களே. ஆகவே அரைகுறையாய் நின்ற சுவர்களை இடித்துத் தள்ளுவதே வேலையின் தொடக்கமாயிற்று. தம் சுவரைத் தாமே இடிக்க நேர்ந்த தாய்மார்கள் அழுத அழுகையை இன்றும் மறந்தோமில்லை.

பின்னர்க் களிமண்ணோடு பதரும் வைக்கோல் துண்டும் கலந்து, நீர் விட்டு மிதித்து, சில நாள் புளிக்க வைத்தோம். விழுந்த தென்னை மரங்களின் மட்டைகளைப் பிளந்து பெண்கள் கீற்று முடைந்தனர். கவைக்கால், விட்டம், முகட்டு வளை, வரிச்சு என ஒவ்வொன்றாய்ப் பெயர் கற்றோம். எங்கள் படிப்பின் செருக்கால் ஒரு பிழையும் செய்தோம். குனிந்து நுழையும் தாழ்ந்த கூரை நம்மைத் தாழ்த்துவது என்று கருதி, முதல் நான்கு வீடுகளை நிமிர்ந்து நுழையும்படி உயர்த்திக் கட்டினோம். பெரியவர் ஒருவர் தடுத்தார். "தம்பிகளா, கூரை குனிஞ்சா காத்து மேலே போயிடும், நிமிந்தா உள்ளே வந்துடும்" என்றார். நாங்கள் கேளோம். டிசம்பர் மாத மழைக்காற்றில் அந்நான்கில் இரண்டின் கூரை பறந்தது. அவ்விரு குடும்பத்தாரும் எங்களை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுவே எங்களைச் சுட்டது. எஞ்சிய வீடுகளைப் பெரியவர் சொற்படியே, நாற்புறமும் சரிந்த தாழ்ந்த கூரையாக, முகட்டின்மேல் குறுக்குக் கயிறு போட்டு, தரையில் அடித்த முளைகளில் இழுத்துக் கட்டினோம். மேடையையும் ஒரு முழம் உயர்த்தினோம்.

மனை யாருடையது?

ஏழாம் நாள் ஒரு மூதாட்டியின் வீட்டிற்குக் கவைக்கால் நடக் குழி தோண்டினோம். அவர் திண்ணை இருந்த இடத்தில் அமர்ந்து நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "வீடு கட்டுறீங்க, தம்பி, நல்லா இருங்க. ஆனா மனை யாருதுன்னு கேட்டீங்களா?" என்றார். எங்களுக்கு விடை தெரியவில்லை.

மறுநாள் விடை தானே வந்தது. நிலவுடைமையாளரின் காரியஸ்தர் வந்து, விழுந்த குடிசைகளை அவ்விடத்தில் மீண்டும் போட வேண்டாம் என்றும், வாய்க்கால் புறம்போக்கில் போட்டுக் கொள்ளலாம் என்றும் அறிவித்தார். மூன்று தலைமுறையாய் அங்கே குடியிருந்தோரின் வீட்டைக் காற்று ஒருமுறை விழ வைத்தது. மனையை விட்டே அகற்றுவதற்கு அவ்வீழ்ச்சி ஒரு வாய்ப்பாகக் கொள்ளப்பட்டது. வாய்க்கால் புறம்போக்கோ அடுத்த வெள்ளம் வரும் வழி.

இவ்விடத்தில் நூறாண்டு வரலாற்றைச் சற்றே நோக்க வேண்டும். பண்ணை முறையில் உழைப்பவனின் குடிசை நிலவுடைமையாளரின் மனைக்கட்டிலேயே இருந்தது. கூலி உயர்வு கேட்டவனுக்கும், வேறு பண்ணைக்குச் செல்ல விரும்பியவனுக்கும் கிடைத்த விடை, "மனையைக் காலி செய்" என்பதே. 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமன்கீர் பறையர் மக்களின் நிலைபற்றி அரசுக்கு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. 1920-களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோர்க்கு வீட்டுமனை பெற்றுத் தரும் பணியை மேற்கொண்டது. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று நாகையை ஒரு பெரும்புயல் தாக்கியதையும் நம் முதியோர் நினைவு கூர்வர். 1961-இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி கேட்டுப் போராடிய உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அஞ்சி ஓடியோர்க்குப் புகலிடமாயிருந்த கூரையே அவர்களுக்குச் சிதையாயிற்று. அதன்பின் 1971-இல்தான், குடியிருப்போர்க்கே மனையைச் சொந்தமாக்கும் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் வந்தது.

ஆக, 1977-இல் அத்தெரு மக்களுக்குச் சட்டம் துணையாக இருந்தது. சட்டம் இருப்பதை அவர்களுக்குச் சொல்வார்தாம் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அச்சட்டத்தின் அச்சுப் படியைத் தேடிக் கொணர்ந்து எங்களிடம் தந்தார். அன்று முதல் பகலில் மண் மிதித்தோம். இரவில் அரிக்கேன் விளக்கொளியில் மனு எழுதினோம். கயிற்றைக் கொண்டு ஒவ்வொரு மனையையும் அளந்தோம். வேப்பமரம், களம், குட்டை ஆகியவற்றை எல்லையாகக் குறித்து ஒரு வரைபடம் தீட்டினோம்.

சான்று வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். குடும்ப அட்டைகள் காற்றோடு போயின. வாக்காளர் பட்டியலில் பல பெயர்கள் பிழையாக இருந்தன. இறுதியில் கைகொடுத்தது தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. 1971-க்கு முன் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருந்த தந்தையின் பெயரும் இருப்பிடமும் அதில் நாளோடு எழுதப்பட்டிருந்தன. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருந்த குடும்பங்களுக்கு எழுத்திலே சான்று கிடைத்தது. வறுமையால் பிள்ளையை மாடு மேய்க்க அனுப்பிய குடும்பங்களுக்கு இவ்வுலகில் எங்கும் ஒரு வரி எழுத்து இல்லை. எங்களிடம் மனையைப் பற்றிக் கேட்ட மூதாட்டியின் குடும்பம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மனுக்கள் முடிவுற ஆண்டுகள் பல ஆயின. பெரும்பாலோர் பட்டா பெற்றனர். சில குடும்பங்கள் பெறவில்லை. அம்மூதாட்டி தம் மனையின் பட்டாவைக் காணாமலே மறைந்தார். பின்னர் அக்கம்பக்கத்தார் அளித்த வாக்குமூலத்தின் பேரில் அவர் மகள் அதனைப் பெற்றார். பட்டா வந்த பிறகே அத்தெருவில் அரசுத் திட்டத்தின் செங்கல் வீடுகள் எழ முடிந்தது. ஆதிதிராவிடர் வீட்டுவசதிக் கழகம் 1974-இலேயே தோன்றியிருந்தது. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-இல் வந்தது. மனை உரிமையற்றோர்க்கு அவ்வீடுகள் எட்டாக் கனியாகவே இருந்தன.

பின்வந்த பேரழிவுகள்

நம் சங்கம் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீனவச் சகோதரர்கள் பட்ட துன்பத்திற்கு அளவில்லை. அதே வேளையில், உப்புநீர் புகுந்த வயல்களில் கூலி இழந்த உழவுத் தொழிலாளர் நிலை பலர் கண்ணில் படவில்லை. படகும் வலையும் இழந்தவர்க்கு இழப்பைக் கணக்கிட வழியிருந்தது; நாட்கூலியை இழந்தவன் எதைக் காட்டுவான்? பல ஊர்களிலிருந்து அழைத்து வரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களே சடலங்களை எடுத்து அடக்கம் செய்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் மக்களே என்பதை வரலாறு மறக்கலாகாது. அன்று நம் சங்கத்து இளைஞர்கள் கையில் மண்வெட்டியோடு ஏடும் எழுதுகோலும் இருந்தன. விடுபட்டோர் பெயர்களைத் தெருத்தெருவாக எழுதி அதிகாரிகளிடம் சேர்த்தனர்.

2018 நவம்பர் 16 அன்று அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தது. தென்னந்தோப்புகள் படுத்தன. தோப்புக்காரர் மரத்தை இழந்தார். தேங்காய் உரித்தும் கீற்று முடைந்தும் வாழ்ந்தவர் வேலையையும் கூரையையும் ஒருசேர இழந்தார். நாங்கள் முதுமையோடு மீண்டும் அந்தப் பழைய தெருவிற்குச் சென்றோம். பட்டா மனையில் எழுந்த செங்கல் வீடுகள் விரிசல் கண்டிருந்தும் நின்றன. தெருக்கோடியில், வாய்க்கால் புறம்போக்கில் பின்னாளில் குடியேறியோரின் குடிசைகளே விழுந்து கிடந்தன. நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் யாம் கண்ட காட்சி அவ்வோரத்தில் அப்படியே இருந்தது. இதனை வெற்றி என்று முழுமையாகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இளைஞர்களுக்கு

அன்புக்குரிய இளைஞர்களே! இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மவர் சிலர் கூடி இச்சங்கம் காண எண்ணியபோது, "முதலில் கட்டடமா, பள்ளிக்கு அனுப்பும் பணியா?" என்ற கேள்வி எழுந்தது. சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் மனையைக் காத்ததைக் கண்ட எங்களுக்கு விடை எளிதாயிற்று. நம் வட்டாரத்தில் பள்ளி செல்லாத பிள்ளை எவரும் இருத்தலாகாது என்பதைச் சங்கத்தின் முதல் விதியாக வைத்தோம். இன்றளவும் அவ்விதி மாறவில்லை.

புயல் மீண்டும் வரும். அப்போது தொண்டாற்ற நீங்கள் விரைந்து செல்வீர்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. கோடரியும் கயிறும் கொண்டு செல்லுங்கள்; அவ்வூர் முதியோர் சொல்வதைக் கேட்டுக் கட்டுங்கள்; குழி தோண்டுமுன் மனை யாருடையது என்று கேளுங்கள். அதற்கு முன் உங்களுக்கு வீட்டுவேலை ஒன்று தருகிறோம். இம்மலரைப் படித்து முடித்த இரவே, உங்கள் வீட்டுப் பட்டா எங்கே இருக்கிறது என்று பெற்றோரைக் கேளுங்கள். அதில் யார் பெயர் உள்ளது, அளவு சரியா, எல்லை சரியா என்று உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஒரு படி எடுத்து நீர் புகாத உறையிலிட்டு வையுங்கள். பட்டா இல்லையெனில் மறுநாள் காலை சங்க அலுவலகத்திற்கு வாருங்கள். மனு எழுத நாங்கள் இருக்கிறோம்.