சௌராஷ்டிர சபை

தமிழகத்தில் குடியேறிய சௌராஷ்டிரர்கள் கோயிலையும் கல்வியையும் மொழியையும் பேணிக்கொள்ள ஊர்தோறும் அமைத்துக்கொண்ட சமூக அமைப்பு சௌராஷ்டிர சபை. மதுரையில் 1895-இல் தொடங்கி 1900-இல் பதிவு பெற்ற சபை இவற்றில் முன்னோடி. சௌராஷ்டிரர் குடியேறிய ஊர்களில் ஒன்றான திண்டுக்கல்லில் இச்சமூகத்தார் நெடுங்காலமாகத் திரண்டு வாழும் பகுதி நாகல்நகர். 1985 செப்டம்பர் 15 அன்று தனி மாவட்டமாகும் வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தோடு இருந்தது. உறவு, கொள்வினை கொடுப்பினை, நூல் வியாபாரம் எல்லாம் அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையோடுதான். ஆகவே திண்டுக்கல் சௌராஷ்டிரர்களின் கதையை மதுரைச் சபையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

மக்கள் வழக்கில் இவர்கள் பட்டுநூல்காரர். இந்தப் பெயரே இவர்களின் தொழிலைச் சொல்லிவிடுகிறது. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து புறப்பட்டு, தேவகிரியிலும் பிறகு விஜயநகரத்திலும் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்ததாகச் சமூக மரபு கூறும். திருமலை நாயக்கர் அரண்மனைக்குப் பட்டு நெய்ய அழைத்து வந்தார் என்பது வீடுகளில் இன்றும் சொல்லப்படும் செய்தி. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் உள்ள கி.பி. 473-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தென் குஜராத்தின் லாட நாட்டிலிருந்து வந்து குடியேறிய பட்டு நெசவாளர் குழு ஒன்று சூரியன் கோயில் கட்டியதையும் பின்னர் அதைப் புதுப்பித்ததையும் கூறுகிறது. அக்குழுவினரே சௌராஷ்டிரரின் முன்னோர் என்று சமூகத்தார் பெருமையோடு காட்டுவர். நேரடித் தொடர்பு உறுதிப்படவில்லை. வழிப்பயணத்துக்கு அதைவிட வலுவான சான்று அவர்கள் பேசும் மொழிதான். அடிப்படை குஜராத்திக்கும் மராத்திக்கும் நெருக்கம். அதன்மேல் தெலுங்கும் கன்னடமும் தமிழும் படிந்திருக்கின்றன. தண்ணீர் மட்டும் இன்னும் 'பானி'தான்.

சபை என்ற பெயர் புதிதே தவிர, கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் பழையது. தலைவர், மூத்தோர், வைத்தியர், சமயப் பணியாளர் என்று நான்கு பிரிவினர் முன்பு சமூகக் காரியங்களை நடத்தியதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் குறிப்பிடுகிறது. அதே நூல் இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்கிறது. ராணி மங்கம்மாள் ஆட்சியில், பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டச் சடங்கைச் செய்ததற்காக 18 சௌராஷ்டிரர்கள் கைது செய்யப்பட்டனர். ராணி சாத்திரம் அறிந்தவர்களைக் கூட்டி விசாரித்தார். அச்சடங்குக்கு இவர்கள் உரியவர்களே என்ற தீர்ப்பு பனையோலையில் எழுதித் தரப்பட்டது. வந்தேறிய ஊரில் தங்கள் தகுதியை ஆவணத்தால் நிலைநாட்ட வேண்டியிருந்த அந்த அனுபவத்தைப் பின்னாளில் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளும் முனைப்பின் வேராகக் கருதலாம்.

1895-இல், மதுரைச் சபை தொடங்கிய அதே ஆண்டில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நார்வேயிலிருந்து குடியேறிய 18 பேர் 'நார்வேயின் மைந்தர்கள்' என்ற சங்கத்தை நிறுவினர். நோயிலும் சாவிலும் ஒருவருக்கொருவர் உதவுவது அவர்களின் முதல் நோக்கம். தாய்மொழியும் பண்பாடும் காப்பது அதனோடு சேர்ந்து வளர்ந்தது. இரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். வேற்றூரில் வேர்விடும் மக்கள் எங்கும் முதலில் தேடுவது கூடி உட்கார ஓர் இடம்தான் போலும்.

சபையின் தலையாய சாதனை கல்வி. மதுரையில் 1886-இல் தொடங்கிய சௌராஷ்டிர ஆரம்பப் பள்ளி 1904-இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. அதற்குப் பணம் தந்தவர்கள் துணியும் சாயமும் விற்ற சமூகத்து வணிகர்கள். தறிக்குழியில் இறங்க வேண்டிய பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். எல்.கே. துளசிராம் போன்ற சமூக முன்னோடிகள் இந்தக் காலத்தில் உருவானவர்கள். 'மதுரை காந்தி' எனப்பட்ட என்.எம்.ஆர். சுப்பராமன், பாடகர் டி.எம். சௌந்தரராஜன் போன்றோர் பிறந்த சமூகம் இது. கும்பகோணத்தில் வாழ்ந்த எம்.வி. வெங்கட்ராம் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்வை 'வேள்வித் தீ' நாவலில் எழுதினார். 'காதுகள்' நாவலுக்காக 1993-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

திண்டுக்கல்லில் சமூக வாழ்வின் மையம் நாகல்நகர் வரதராஜப் பெருமாள் கோயில். புரட்டாசியிலும் மார்கழியிலும் கோயிலுக்குள் காதில் விழும் பேச்சு பாதி தமிழ், பாதி சௌராஷ்டிரம். இங்கே சபையையும் கோயிலையும் நெசவையும் தனித்தனியாகப் பார்ப்பது சரியாகாது. இப்பகுதியின் நெசவோ இவர்களுக்கு மட்டும் உரியதன்று. பக்கத்துச் சின்னாளபட்டியில் தேவாங்கரும் தறி ஓட்டியவர்கள். ஆனால் சுங்குடி என்ற கைத்திறம் சௌராஷ்டிரர் கொண்டுவந்தது. துணியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் தோய்த்தால், கட்டு அவிழ்க்கும் இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி பூக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் விரல் வேலை. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் கடைகளில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி இன்று அச்சிட்ட துணி. முடிச்சுச் சேலையையும் அச்சுச் சேலையையும் ஒரே பெயரில் விற்பது அந்த விரல்களுக்குச் செய்யும் அநீதி.

மொழியின் கதை இன்னும் கவலை தருவது. சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை டி.எம். ராமாராய் அதைச் சீர்செய்து பரப்பப் பாடுபட்டார். ம, ந, ர, ல ஆகிய ஒலிகளை மூச்சோடு உரப்பிச் சொல்லும் வழக்கம் இம்மொழியில் இருப்பதால், அதற்கென்றே 'ஹாரு' என்ற தனிக்குறி எழுத்தில் அமைந்திருக்கிறது. ஆனால் தேவநாகரியே போதும் என்றனர் சிலர். தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டனர் பலர். நடனகோபால நாயகி சுவாமிகளின் (1843–1914) பக்திப் பாடல்களைத் தமிழ் எழுத்தில் பார்த்துப் பாடுவோர் ஏராளம். 2008-இல் சௌராஷ்டிர எழுத்து யூனிகோடில் இடம்பெற்றது. கணினியில் வந்துவிட்ட எழுத்து வகுப்பறைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகப் பதிந்தோர் 2,47,702 பேர். கோயிலையும் பள்ளியையும் கட்டிய சபை தன் மொழிக்கு ஒரு பாட வகுப்பை நிலைநிறுத்தாமல் விட்டது அதன் பெருங்குறை. நாகல்நகர் வீடுகளில் பாட்டிமார் நெசவுச் சொற்களையும் சடங்குச் சொற்களையும் தாலாட்டையும் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பேரப்பிள்ளைகள் இப்போதே ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும்.