சாந்த்ராகாச்சி தெரியும், ஷைலேன் மன்னா தெரியுமா? ஹவுரா தன் வீரர்களையும் பயிற்சியாளர்களையும் கொண்டாடிய கதை

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு ரயிலில் போகும் பலருக்கு சாந்த்ராகாச்சி என்றால் இறங்கும் ஸ்டேஷன், அவ்வளவுதான். டிக்கெட்டில் பெயரைப் பார்த்ததும் 'கொல்கத்தாதானே' என்று விட்டுவிடுவோம். ஆனால் அது ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுரா மாவட்டத்தில் இருக்கிறது. இந்தியக் கால்பந்து அணிக்கு ஒலிம்பிக் கேப்டன்கள் இருவரையும், 2022 காமன்வெல்த் போட்டியில் பளுதூக்கும் தங்கத்தையும் தந்த மாவட்டம் அது.

இவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது? இவர்களை உருவாக்கியவர்களுக்கு?

ஷைலேன் மன்னா: மைதானத்துக்கே பெயர்

1924-ல் ஹவுராவின் பியாத்ராவில் பிறந்தவர். ஹவுரா யூனியன் கிளப்பில் ஆடத் தொடங்கி, 1942-ல் மோகன் பகானுக்குப் போனார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்திய வீரர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள். இந்தியாவின் ஒரே கோலை சாரங்கபாணி ராமன் அடித்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகின. அதில் ஒன்றை உதைத்தவர் மன்னா. 1-2 என்று தோல்வி.

அந்தப் பெனால்டியோடு அவர் கதை முடிந்துவிடவில்லை. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியபோது கேப்டன் அவர்தான். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் அவரே கேப்டன். 1971-ல் பத்மஸ்ரீ, 2001-ல் மோகன் பகான் ரத்னா விருது கிடைத்தன. 2012-ல் காலமானார். ஹவுரா மாநகராட்சி மைதானத்துக்கு இப்போது அவர் பெயர்தான்.

பத்ரு பானர்ஜி: விருது வருவதற்கு முன்பே ஆடி முடித்தவர்

அதே மாவட்டத்தின் பாலி பகுதியைச் சேர்ந்தவர் சமர் பானர்ஜி. எல்லோருக்கும் 'பத்ரு'. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இவர் தலைமையில்தான் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போய், 4-ம் இடம் பிடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியாதான்.

ஆனால் அர்ஜுனா விருது தொடங்கியதே 1961-ல்தான். அதற்குள் பத்ருவின் ஆட்டக்காலம் முடிந்துவிட்டது. அர்ஜுனா பட்டியலில் அவர் பெயர் இல்லை. மரியாதை வேறு பக்கத்திலிருந்து வந்தது: 2009-ல் மோகன் பகான் ரத்னா, பிறகு மேற்கு வங்க அரசின் வாழ்நாள் சாதனையாளர் விருது. 2022 ஆகஸ்டில், 92 வயதில் காலமானார். டெல்லி தவறவிட்டதை கிளப்பும் மாநிலமும் ஓரளவு சரிசெய்தன.

சரி, பயிற்சியாளர்கள்?

இங்கேதான் சிக்கல். மன்னாவின் 1951 அணி, பத்ருவின் 1956 அணி இரண்டுக்கும் பயிற்சியாளர் ஒருவரே: ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். 1962 ஜகார்த்தா தங்கமும் அவர் காலத்தில்தான். ஆசியப் போட்டி கால்பந்தில் இந்தியா இதுவரை வாங்கியது அந்த இரண்டு தங்கங்கள் மட்டுமே. ரஹீம் 1963-ல் இறந்தார். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது 1985-ல் வந்தது, 22 ஆண்டு தாமதமாக. இன்றைய தலைமுறையில் பலருக்கு அவரைத் தெரியவைத்தது 2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படம்.

தேசிய அணியின் பயிற்சியாளருக்கே இந்த நிலைமை என்றால், கிராமத்தில் பயிற்சி தருபவருக்கு?

ஹவுராவின் தேவுல்பூர் கிராமத்தைச் சேர்ந்த அசிந்தா ஷூலி, 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 73 கிலோ பிரிவில் மொத்தம் 313 கிலோ தூக்கி தங்கம் வென்றார். அப்பா இறந்த பிறகு குடும்பத்தைத் தாங்குவதற்காக, தானும் பளுதூக்கும் வீரராக இருந்த அண்ணன் அலோக் விளையாட்டையே விட்டார். அசிந்தாவுக்கு முதலில் பயிற்சி கொடுத்தவர் உள்ளூர்க்காரரான அஷ்டம் தாஸ். அசிந்தா புனே ராணுவ விளையாட்டு நிறுவனத்துக்கும் தேசிய முகாமுக்கும் போனதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விதி எப்படி வேலை செய்கிறது?

துரோணாச்சார்யா விருதில் இரண்டு பிரிவு உண்டு. வழக்கமான பிரிவுக்கு 10 லட்சம் ரூபாய், வாழ்நாள் பிரிவுக்கு 15 லட்சம் (2020-ல் உயர்த்தப்பட்ட தொகை). வழக்கமான பிரிவு கடைசி சில ஆண்டுகளில் மாணவர்கள் வாங்கிய சர்வதேசப் பதக்கங்களைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. செஸ் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷுக்கு 2023-ல் கிடைத்தது இந்தப் பிரிவில்தான். மாணவர் உலக மேடைக்குப் போகும்வரை கூடவே இருக்கும் பயிற்சியாளருக்கு இந்த விதி பொருந்தும். பத்து வயதுப் பையனுக்கு முதல்முதலாகக் கம்பியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவனைப் பெரிய முகாமுக்கு அனுப்பிவைப்பவருக்குப் பொருந்துவது கஷ்டம். பதக்கம் வரும்போது அவர் பெயர் எந்த ஃபைலிலும் இருக்காது.

அந்தப் பெயர் ஊருக்குத்தான் தெரியும். அதனால்தான் மாவட்டம், கிளப், பள்ளி அளவிலான மரியாதைகள் முக்கியம். தமிழ்நாட்டின் முதலமைச்சர் மாநில விளையாட்டு விருதில் வீரர்களோடு பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு. நம்ம பி.டி. வாத்தியாரும் விருதுக்குத் தகுதியானவர் என்று ஒரு அரசு சொல்வது சின்ன விஷயமில்லை.

ஆனால் எந்த விருதுக்கும் ஆதாரம் வேணும். பழைய அணி போட்டோ, சான்றிதழ், ஸ்கோர் ஷீட், உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தி, யார் யாருக்குப் பயிற்சி கொடுத்தார் என்ற பட்டியல். இதெல்லாம் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். அவர் இருக்கும்போதே ஸ்கேன் பண்ணி, தேதியும் பெயரும் எழுதி, கிளப்பிலோ பள்ளியிலோ ஒரு பிரதி கொடுத்து வைக்கலாம். போட்டோவில் ஓரமாக நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள்?