வாங்குவோரும் பிரசைகளும்: அமெரிக்கக் கறுப்பின மக்கள் சந்தையாகக் 'கண்டுபிடிக்கப்பட்ட' வரலாறு

சந்தைக்கு நிறமில்லை, குலமில்லை; கையிலுள்ள காசு ஒன்றே அது மதிக்கும் தகுதி என்பது தாராளவாதப் பொருளியலாளர் நெடுங்காலமாக முன்வைத்துவரும் கருத்தாகும். இதன்படி, இலாபத்தை நாடும் வணிகன் தன்னிடம் வாங்க வருவோரைப் பாகுபடுத்தினால் நட்டமடைவான். ஆகவே போட்டி வளர வளரப் பாகுபாடு தானாகவே தேய்ந்து மறையும். ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்கள் நுகர்வோராக நடத்தப்பட்ட வரலாறு இக்கருத்தைச் சோதிப்பதற்குத் தக்கதோர் உரைகல்லாகும். புறக்கணிக்கப்பட்டிருந்த இம்மக்களைப் பெருவணிகம் எப்பொழுது, எதன்பொருட்டுக் கண்டுகொண்டது, அதனால் அவர்கள் பெற்றதும் பெறாததும் யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கடன் கணக்கும் தபாற் பட்டியலும்

1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களிற் பெரும்பாலோர் நிலமற்றவராகவே இருந்தனர். வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட அவர்கள் மா, துணி, விதை, கருவிகள் ஆகியவற்றை உள்ளூர்க் கடைக்காரரிடம் கடனாகவே பெற்றனர். விளையப்போகும் பயிரே அக்கடனுக்கு ஈடாகும். கடன்விலை ரொக்க விலையிலும் கூடியது. கணக்குப் புத்தகமோ கடைக்காரரின் கையில். அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்கும்போது பலருக்கு எஞ்சியது அடுத்த ஆண்டுக்கான கடன் மட்டுமே. எனவே இம்மக்கள் நுகர்வோராக இருக்கவில்லை என்று கூறுதல் பொருந்தாது. அவர்கள் கட்டுண்ட நுகர்வோராக இருந்தனர் என்பதே பொருந்தும்.

இக்கட்டினைச் சிறிது தளர்த்தியது தபால்வழி வணிகமாகும். 1890களில் சியர்ஸ் ரோபக் போன்ற கம்பனிகள் விலைப்பட்டியல் நூல்களை நாடெங்கும் அனுப்பத் தொடங்கின. 1896இல் ஆரம்பிக்கப்பட்ட கிராமப்புறத் தபால் விநியோகம் அவற்றை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. கடையிலே வெள்ளையர் வாங்கி முடியும்வரை ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தவர், இப்பட்டியலில் அச்சிடப்பட்ட விலைக்கே பொருளைப் பெறக்கூடியவரானார். கம்பனி சமத்துவத்தை நாடியதனால் இது நிகழவில்லை. தபாலுறை அனுப்புவோனின் நிறத்தைக் காட்டாது என்பதே காரணமாகும். முகம் மறைந்திருந்தபோது மட்டுமே சந்தை நிறமற்றதாயிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. தம்மவர் வளர்த்த சந்தை

பெருவணிகம் திரும்பிப் பாராத தேவைகளை முதலில் நிறைவு செய்தோர் கறுப்பினத்தவரே. இவர்களுள் சேரா பிரீட்லவ் என்னும் இயற்பெயர் கொண்ட மேடம் சி. ஜே. வோக்கர் (1867 - 1919) குறிப்பிடத்தக்கவர். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குச் சுதந்திரத்தின் பின் பிறந்த இவர், சலவைத் தொழிலாளியாக நீண்டகாலம் உழைத்தவர். கறுப்பினப் பெண்களுக்கான கூந்தற் பராமரிப்புப் பொருள்களைத் தயாரித்து, 1910இல் இண்டியானாபொலிஸ் நகரில் தமது தொழிலகத்தை நிலைநாட்டினார். வெள்ளையர் வீடுகளிலே சமையலும் சலவையுமன்றி வேறு தொழில் கிடைக்காத பெண்கள் பலர் இவரது விற்பனை முகவர்களாயினர். 1917இல் பிலடெல்பியாவிற் கூடிய இம்முகவர்களின் மாநாடு, கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொலைசெய்யும் கொடுமையைச் சட்டத்தின் மூலம் தடுக்குமாறு சனாதிபதி வில்சனுக்குத் தந்தி அனுப்பியது. விற்பனை முகவர் மாநாடொன்று இத்தகைய கோரிக்கையை விடுத்தமை, வாங்குவோரும் விற்போரும் ஒரே ஒடுக்குமுறைக்கு உட்பட்டிருந்த நிலையிலேயே சாத்தியமாயிற்று.

3. கணக்கெடுப்பும் பகிஷ்கரிப்பும்

முதலாம் உலகப் போர்க்காலத்திலிருந்து இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் தெற்கை நீங்கிச் சிக்காகோ, நியூயோர்க், டெற்றோயிற் முதலிய நகரங்களிற் குடியேறினர். வாரச் சம்பளம் பெறும் தொழிலாளராக அவர்கள் மாறியபோது ரொக்கப் பணம் அவர்களது கைக்கு வந்தது. 1932இல் பிஸ்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் போல் கே. எட்வேட்ஸ், தெற்கின் நகர்ப்புறக் கறுப்பினத்தவரை நுகர்வோராக ஆராய்ந்து நூலொன்றை வெளியிட்டார். இத்துறையின் முன்னோடி ஆய்வுகளுள் இது ஒன்றாகும். பணிப்பெண் தோற்றத்தில் ஓர் உருவத்தைச் சின்னமாகக் கொண்டிருந்த 'ஆன்ட் ஜெமைமா' அப்ப மா விளம்பரம், தம்மை இழிவுபடுத்துகின்றது என அம்மக்கள் கருதியதை அவர் பதிவு செய்தார். அப்பெயரை நீக்குவதாக அக்கம்பனி அறிவித்தது 2020இலேயே. மாற்றுப் பெயர் வந்தது 2021இல். ஆய்வுக்கும் திருத்தத்துக்கும் இடைப்பட்ட காலம் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாகும். அறியாமையே புறக்கணிப்புக்குக் காரணம் என்னும் வாதத்தை இவ்வொரு சான்றே மறுத்துவிடுகின்றது.

ஆய்வு சாதிக்காததைப் பகிஷ்கரிப்புச் சாதித்தது. 'வேலை தராத கடையில் வாங்காதீர்' என்னும் முழக்கம் பொருளாதார மந்த காலத்திலே சிக்காகோவில் எழுந்து ஏனைய நகரங்களுக்கும் பரவியது. நியூயோர்க்கின் ஹாலெம் பகுதியில், கறுப்பின மக்களின் காசிலேயே தழைத்த புளூம்ஸ்ரீன் பேரங்காடி, மறியலின் பின்னர் 1934இல் கறுப்பினப் பெண்களை விற்பனையாளராக அமர்த்த இணங்கியது. வோஷிங்டனில் 1933இல் தோன்றிய புதிய நீக்ரோக் கூட்டணி தொடுத்த மறியலைத் தடைசெய்ய முயன்ற வழக்கிலே, அத்தகைய மறியலுக்கு உரிமை உண்டென 1938இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்குவோன் என்னும் நிலையிலிருந்து தொழிலாளி என்னும் உரிமையைக் கோரியமையே இப்போராட்டங்களின் சிறப்பாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னரே பெருங்கம்பனிகள் இச்சந்தையைத் திட்டமிட்டு நாடின. கொக்கா-கோலாவுடன் போட்டியிட்ட பெப்சி-கோலாக் கம்பனி, ஐந்து சதத்துக்குப் பன்னிரண்டு அவுன்ஸ் பானத்தை விற்றது. அதே விலைக்குப் போட்டியாளர் கொடுத்தது ஏறக்குறைய அதில் அரைப்பங்கே. எனவே வறியோர் மத்தியில் அது எளிதிற் பரவியது. 1947இல் எட்வேட் பாய்ட் என்பவரின் தலைமையில் கறுப்பின விற்பனையாளர் குழுவொன்றை அக்கம்பனி அமைத்தது. கறுப்பினக் குடும்பங்களைக் கண்ணியத்துடன் சித்திரித்த விளம்பரங்களையும், ஐக்கிய நாடுகள் சபையிற் பணியாற்றிய ரால்ப் பஞ்ச் போன்ற சாதனையாளரை அறிமுகப்படுத்திய தொடரையும் இக்குழுவினர் வெளியிட்டனர். கேலிச் சித்திரங்களையே கண்டு பழகிய மக்களுக்கு இவை அளித்த தன்மதிப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் இதே குழுவினர் தெற்கிலே பிரயாணஞ் செய்தபோது, பிரித்தொதுக்கப்பட்ட புகையிரதப் பெட்டிகளிலேயே செல்ல வேண்டியிருந்தது. தமது பானம் கறுப்பரின் பானம் என்று பெயரெடுத்துவிடக் கூடாதெனக் கம்பனித் தலைவரே கூட்டமொன்றில் இழிசொல் கலந்து பேசியதாகப் பாய்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். 1950களின் தொடக்கத்தில் அக்குழு கலைந்தது. கம்பனிக்கு வேண்டியிருந்தது அம்மக்களின் ஐந்து சதமேயன்றி அவர்களின் தோழமையன்று.

4. ஒரே கடையில் இரு மேசைகள்

இம்முரண்பாடு மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம் வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோ நகரிலிருந்த வூல்வேர்த் கடையாகும். 1960 பெப்ரவரி 1ஆந் திகதி கறுப்பினக் கல்லூரி மாணவர் நால்வர் அங்கு சென்று பற்பசை முதலிய சில்லறைப் பொருள்களை வாங்கிப் பற்றுச்சீட்டும் பெற்றனர். பின்னர் அதே கடையின் உணவு மேசையில் அமர்ந்து கோப்பி கேட்டனர். அது மறுக்கப்பட்டது. பற்பசை விற்கும் மேசையிற் பெறுமதியுடையதாயிருந்த அவர்களின் காசு, சில அடி தூரத்திலிருந்த உணவு மேசையிற் பெறுமதி இழந்தது. பொருளை வாங்கிக்கொண்டு அகல்வது வணிகம். வெள்ளையருக்கு அருகே அமர்ந்து உண்பது சமத்துவம். முன்னையதை ஏற்ற முதலாளித்துவம் பின்னையதை ஏற்கவில்லை.

மாணவர் தொடங்கிய அமர்வுப் போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. விற்பனை வீழ்ச்சியுற்ற நிலையில், யூலை 25ஆந் திகதி அம்மேசை கறுப்பின மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இதற்கு முன்னர் மொன்கொமரி நகர மக்கள் 381 நாள்கள் பஸ் வண்டிகளைப் பகிஷ்கரித்து 1956 டிசம்பரில் வெற்றி கண்டிருந்தனர். பொது இடங்களிற் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டத்துக்கு வழிவகுத்தவை இத்தகைய போராட்டங்களே. போட்டி தானாகச் செய்யாததை மக்களின் ஒழுங்கமைப்புச் செய்தது.

5. கண்டுகொள்ளப்பட்டதன் மறுபக்கம்

புறக்கணிப்பு நீங்கினால் நீதி கிட்டிவிடும் என்பதும் பிழையான கருத்தேயாகும். நியூயோர்க்கின் குறைந்த வருமானக் குடும்பங்களை ஆராய்ந்த டேவிட் கப்லோவிற்ஸ், வறியோரே கூடுதலான விலை செலுத்துகின்றனர் என்பதைத் தமது 1963ஆம் ஆண்டு நூலின் தலைப்பாகவே அமைத்தார். தவணை முறையில் தளபாடங்களும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் விற்ற வணிகர் இக்குடும்பங்களை நன்கு அறிந்திருந்தனர். அவ்வறிவே சுரண்டலின் கருவியாயிற்று. தென்மாநிலக் கடைக்காரரின் கணக்குப் புத்தகம் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது என்றே கூறலாம்.

1990 ஜனவரியில், ஆர். ஜே. ரெனோல்ட்ஸ் புகையிலைக் கம்பனி கறுப்பின மக்களையே குறிவைத்துத் தயாரித்த 'அப்ரவுண்' என்னும் சிகரெட்டைப் பிலடெல்பியாவிற் பரீட்சார்த்தமாக விற்க முனைந்தது. சமூக இயக்கங்களும், கறுப்பினத்தவரான சுகாதார அமைச்சர் லூயிஸ் சலிவனும் கண்டித்ததையடுத்து அம்முயற்சி கைவிடப்பட்டது. 2011இல், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின, ஹிஸ்பானிய மக்களிடம் வீட்டுக் கடனுக்குக் கூடுதலான கட்டணமும் வட்டியும் அறவிட்டதாகக் கண்ட்றிவைட் நிறுவனத்தின்மீது சுமத்தப்பட்ட வழக்கு, 335 மில்லியன் டொலர் இழப்பீட்டுடன் இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. இங்கெல்லாம் பிரச்சினை சந்தை இம்மக்களைக் காணாமை அன்று. அவர்களை இரையாகக் கண்டமையே.

6. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு நாம் வரலாம். முதலாவது, சந்தை தன்னியல்பாகப் பாகுபாட்டைக் கரைப்பதில்லை; இலாபத்துக்குத் தேவையான அளவுக்கு அதைத் தளர்த்தவும், இலாபத்துக்கு உகந்த இடத்தில் அதைப் பேணவும் அது வல்லது. இரண்டாவது, புறக்கணிக்கப்பட்ட மக்களின் கொள்வனவுச் சக்தி, அவர்கள் அதைச் செலவிட்ட வேளையிலன்றி, ஒன்றுபட்டு அதைத் தடுத்து நிறுத்திய வேளையிலேயே அரசியற் சக்தியாக மாறியது. 'பன்முக நுகர்வோர்' பற்றி வணிகக் கல்லூரிகள் இன்று ஆர்வத்தோடு பேசுகின்றன. அவ்வாறு எண்ணப்படுவோர் எத்தனை பேர் என்ற வினாவுடன் நாம் அமைந்துவிடலாகாது. எண்ணுவோர் யார், எதற்காக எண்ணுகின்றனர் என்பனவும் கேட்கப்பட வேண்டியவையே. வாங்குவோனாக மட்டும் மதிக்கப்படும் மனிதன், காசு தீர்ந்த கணமே மதிப்பிழப்பான். பிரசையாக மதிக்கப்படுவோனுக்கோ அந்த அச்சம் இல்லை. கிரீன்ஸ்பரோ மாணவர் கேட்டது கோப்பி மட்டுமன்று. அவர்கள் கேட்டது இந்த இரண்டாவது மதிப்பையே.