ரயில் வந்தது... ராட்வீலருக்கு வேலை போனது!

ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒருமுறை போய்ப் பாருங்கள். வரிசையாகத் தூண்கள், உயரமான கூரை... பழைய ஜமீன் மாளிகை மாதிரி நிற்கும். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது இங்கிருந்துதான். வாலாஜா ரோடு வரை ஓடியது.

பார்த்தாயிற்றா? இப்போது பக்கத்தில் ஏதாவது ஒரு சந்துக்குள் நுழையுங்கள். ஆட்டோ ஒன்று வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். மேலே ஏதோ ஒரு மொட்டை மாடியிலிருந்து கனமாக ஒரு குரைப்பு. அண்ணாந்து பார்த்தால் கறுப்பு உடம்பு, கன்னத்தில் பழுப்புத் திட்டு, உரல் மாதிரித் தலை. ராட்வீலர்!

அந்த ஸ்டேஷனுக்கும் இந்த நாய்க்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. ரயில் என்ற ஒன்று வராமல் போயிருந்தால், இந்த நாய் இன்னமும் ஜெர்மனியில் மாடு ஓட்டிக்கொண்டு இருந்திருக்கும்!

தென்மேற்கு ஜெர்மனியில் ரோட்வைல் என்று ஓர் ஊர். ரோமானியர்கள் காலத்திலிருந்தே இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்த ரோமானியப் படை, சாப்பாட்டுக்காக மாட்டு மந்தையையும் கூடவே ஓட்டி வந்தது. மந்தையை மேய்க்க வந்த நாய்களின் வாரிசுதான் ராட்வீலர் என்பார்கள். பிற்காலத்தில் ரோட்வைல் பெரிய மாட்டுச் சந்தை ஆனது. கசாப்புக்காரர்கள் நாயோடு போவார்கள், மாடு வாங்குவார்கள், நாய் மந்தையை ஓட்டிக்கொண்டு வரும். சந்தையில் கிடைத்த பணத்தைப் பையில் போட்டு நாயின் கழுத்தில் கட்டிவிடுவார்கள் என்றும் ஒரு கதை உண்டு. எந்தத் திருடனுக்கு அந்தப் பையில் கை வைக்கத் தைரியம் வரும்?

1835-ல் ஜெர்மனியின் முதல் ரயில் ஓடியது. நியூரம்பர்க்கிலிருந்து ஃபூர்த் வரை, சின்ன தூரம்தான். ஆனால் தண்டவாளம் பரவப் பரவ, மாடுகள் ரயிலேறிப் போக ஆரம்பித்தன. ராட்வீலருக்கு வேலை போச்சு! 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோட்வைல் ஊரிலேயே ஒரே ஒரு பெண் நாய்தான் மிச்சமிருந்தது என்று சொல்வதுண்டு. கிட்டத்தட்டத் தீர்ந்துபோன இந்த இனத்துக்கு போலீஸ்தான் மறுவாழ்வு கொடுத்தது. 1910-ல் ஜெர்மன் போலீஸ் வேலைக்கு ஏற்ற இனமாக அங்கீகாரம் கிடைத்தது. நாய் பிழைத்தது.

அதே 1835-ல் இங்கிலாந்திலும் ஒரு நாய்க்கூட்டம் வேலை இழந்தது. காளையைக் கட்டிப்போட்டு, அதன்மீது நாயை ஏவிவிட்டு, காசு கட்டி வேடிக்கை பார்ப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. காளையின் மூக்கைக் கவ்வினால் விடவே கூடாது. அப்படிப்பட்ட நாயாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். 1835-ல் சட்டம் போட்டு இதைத் தடை செய்தது பிரிட்டிஷ் நாடாளுமன்றம். காளையை மைதானத்தில் நிறுத்தினால் ஊருக்கே தெரியும். நாய்ச் சண்டையை ஒரு மதுக்கடையின் பின்கட்டில் பள்ளம் மாதிரி அடைப்புக் கட்டி நடத்திக்கொள்ளலாம். காளைக்கு நிற்கிற நாயோடு, சுறுசுறுப்பான டெரியரைச் சேர்த்தார்கள். அந்த வாரிசுகள் கப்பலேறி அமெரிக்கா போய் ‘பிட்புல்’ ஆகின. பிட் என்றால் அந்தப் பள்ளம்தான்.

டாபர்மேன் கதை இன்னும் சுவாரஸ்யம். அதை உருவாக்கியவர் விஞ்ஞானி இல்லை, ஒரு வரி வசூல்காரர்! ஜெர்மனியின் அப்போல்டா ஊரில் லூயி டாபர்மேன் என்று ஒருவர். வீடு வீடாக வரி வசூலிக்க வேண்டும், திரும்பும்போது மடியில் காசு இருக்கும். வரி கேட்டு வருகிறவனுக்கு எந்த ஊரில் நல்ல பெயர்? தெருநாய் பிடிக்கும் வேலையும் அவரிடம் இருந்தது. வித விதமான நாய்கள் கைக்கு வந்தன. சேர்த்துச் சேர்த்து, தனக்கு ஒரு மெய்க்காப்பாளனைத் தயாரித்துவிட்டார். எதோடு எதைச் சேர்த்தோம் என்று ஒரு குறிப்பும் எழுதாமல் 1894-ல் செத்தும் போனார். கணக்குப் பார்க்கிற வேலையில் இருந்தவர், இந்தக் கணக்கை மட்டும் எழுதவில்லை!

மூன்று கதையிலும் பொதுவான விஷயம் ஒன்று இருப்பதைக் கவனித்தீர்களா?

இந்த நாய்கள் எதுவும் அழகுக்காகப் பிறந்தவை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கப்பட்டவை. வேலை போய்விட்டது. ஆனால் அந்த வேலைக்காக ஏற்றிவைத்த பலம், பிடிவாதம், சந்தேக புத்தி எதுவும் போகவில்லை. அது ரத்தத்தில் இருக்கிறது. குட்டியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும்போது இதையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். பில்லில் மட்டும் இது இருக்காது.

மறுபடியும் வடசென்னைக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய் டாங்குகள் மேல் குண்டு போட்டது. டாங்குகள் கொழுந்துவிட்டு எரிந்தன. மெட்ராஸே மூட்டை கட்டியது. ‘அவன் பெரிய எம்டன்ப்பா’ என்று இன்னமும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான். ஜெர்மனி என்றாலே வெள்ளைக்காரர்களுக்கு எரிச்சல் வந்த காலம் அது. ‘ஜெர்மன் ஷெப்பர்டு’ என்ற பெயரைச் சொல்லக்கூட நாக்கு கூசியது. ஆனால் நாய் வேண்டும்! பெயரை ‘அல்சேஷன்’ என்று மாற்றிவிட்டார்கள். பழைய பெயரை பிரிட்டிஷ் கென்னல் கிளப் திரும்பக் கொடுத்தது 1977-ல். நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது இன்றும் அல்சேஷன்தான்.

பெயரை மாற்றினால் குணம் மாறாது. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த மாதிரி நாய்களை நம் ஊரில் சரியாகக் கையாண்டவர்களே இல்லையா? ஏன் இல்லை! இந்தியாவிலேயே முதல் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவு 1951-ல் சென்னையில்தான் தொடங்கியது. அங்கே என்ன செய்கிறார்கள்? குட்டியிலேயே ஒரு நாய்க்கு என்று ஒரு போலீஸ்காரரை ஒப்படைக்கிறார்கள். பயிற்சி, தீனி, குளியல், டாக்டர் எல்லாம் அவர் பொறுப்பு. அந்த நாய்தான் அவருக்கு டூட்டி! அதற்கும் தினமும் வேலை உண்டு. வேலையும் எஜமானும் இருக்கிற இடத்தில் பலம் என்பது வரவு.

நம் வீட்டில்?

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் வேலை, போக வர ஒன்றரை மணி. ராத்திரி ஷிஃப்ட் என்றால் பகலெல்லாம் தூக்கம். வீட்டில் இருப்பது மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு ஒரு அம்மா. வளர்ந்த ஆண் ராட்வீலர் சுமார் 50 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை ஒன்றாகக் கட்டி, அதற்கு நாலு கால் முளைத்து, எதிரே போகிற ஆட்டைப் பார்த்துப் பாய்கிறது. சங்கிலியின் இந்த முனையில் அம்மா!

பி.காம் படித்தவன் என்பதால் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. குட்டியின் விலை மூலதனச் செலவு, ஒருமுறைதான். தீனி, தடுப்பூசி, பயிற்சியாளர், சென்னை மே மாத வெயில்... இவையெல்லாம் பத்து வருஷத்துக்கு வரும் செலவு. எல்லாவற்றையும்விடப் பெரியது நேரம். பிறந்த 3-வது வாரத்திலிருந்து சுமார் 14-வது வாரத்துக்குள் குட்டி பார்க்கிற மனிதர்களும், கேட்கிற சத்தங்களும்தான் அதன் மனசில் ‘இது ஆபத்தில்லை’ என்று பதிகின்றன. பள்ளிப் பிள்ளைகள், மீன்கூடைக்காரம்மா, கன்டெய்னர் லாரி ஹாரன், பட்டாசு... எல்லாவற்றையும் அப்போதே பொறுமையாகப் பழக்க வேண்டும். முதல்முறை வளர்க்கிறவர் அந்த மாதங்களில் என்ன செய்கிறார்? மாடியில் கட்டிப்போடுகிறார். ‘அப்போதான் சார் கோபம் வரும், நல்லா காவல் காக்கும்’ என்கிறார்.

கோபம் வரும். காவல் வருமா என்பதுதான் சந்தேகம்.

2024 மே மாதம், ஆயிரம் விளக்கு மாடல் ஸ்கூல் ரோட்டில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், அங்கே காவலாளியாக இருந்தவரின் 5 வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாய்க்கும் காயம். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் உயிரே போனது. தடுக்கப் போன அந்த நாயின் உரிமையாளருக்கும் கடி. யோசித்துப் பாருங்கள். ஊட்டி வளர்த்த கைக்கே நாய் கட்டுப்படவில்லை!

சட்டம் என்ன செய்தது? 2024 மார்ச்சில் பிட்புல், ராட்வீலர் உட்பட 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனைக்கு அனுமதி தராதீர்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்டது என்று ஏப்ரலிலேயே அதை ரத்து செய்தது கர்நாடக உயர் நீதிமன்றம். 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் இனிப் புதிய உரிமம் கிடையாது என்று முடிவெடுத்தது. திருவொற்றியூரும் எண்ணூரும் 2011-லிருந்து மாநகராட்சிக்குள்தான் இருக்கின்றன. ஆகவே அங்கேயும் இதே கதைதான்.

அப்புறம் என்ன, பிரச்னை முடிந்ததே என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இங்கிலாந்து 1991-லேயே பிட்புல் உட்பட நான்கு இனங்களைத் தடை செய்தது. முரட்டு நாய் ஆசை ஒழிந்ததா? இல்லை. அந்த இடத்துக்கு ‘எக்ஸ்எல் புல்லி’ என்று புதுப் பெயரில் இன்னும் பெரிய நாய் வந்தது. கடைசியில் 2024 பிப்ரவரி முதல், விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதையும் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். இங்கேயும் பட்டியலில் இரண்டு பெயரை அடித்தால், மூன்றாவது பெயரோடு குட்டி விற்கிறவர் வருவார். பெயர் மாறினால் குணம் மாறாது என்று சொன்னேனே!

இன்னொரு வகைச் சட்டமும் நம்மிடம் இருக்கிறது. ரொம்பப் பழசு. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-வது பிரிவு. அதில் எந்த நாயின் பெயரும் இல்லை. தன்னிடம் உள்ள மிருகத்தால் மற்றவர் உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலையிலிருந்து இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. அபராதம் 1,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அந்தச் சட்டம் நாயைப் பார்க்கவில்லை, சங்கிலியின் மறுமுனையைப் பார்க்கிறது.

‘வெளிநாட்டு நாய்தானே வம்பு? ராஜபாளையம், கோம்பை வாங்கிக்கிறேன்’ என்று சிலர் சொல்வார்கள். பெருமைதான். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். ஆனால் அதுவும் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்த இனம். அந்நியரை நம்பாது, ஓட இடம் கேட்கும். சொந்தக்கார நாய் என்பதற்காக ஹவுசிங் போர்டு பால்கனி அதற்குப் போதாது.

முதல்முறை நாய் வளர்க்கப் போகிறீர்களா? இந்தப் பலசாலி இனங்கள் வேண்டாம். உங்கள் தெருவிலேயே திரிகிற சாதா நாட்டு நாயின் குட்டி ஒன்றை எடுங்கள். தடுப்பூசி போடுங்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யுங்கள், உரிமம் வாங்குங்கள். இந்த வெயிலுக்கென்றே பிறந்தது, மிச்ச சோற்றையும் மதிக்கும். அதைக் கூப்பிட்டால் வர, விட்டால் நிற்க உங்களால் பழக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே ராட்வீலர் வைத்திருப்பவர்களா? தயவுசெய்து அதை எண்ணூர் பக்கம் இருட்டில் அவிழ்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அது உங்கள் பொறுப்பு. வாய்மூடியும் நல்ல கயிறும் வாங்குங்கள், பயிற்சியாளரைத் தேடுங்கள், தினமும் நடத்திக் கூட்டிப் போங்கள்.

கடைசியாக ஒரு நாயை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் 7-ம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமை மந்தையைக் காக்கப் போராடிச் செத்த ஒரு வீரனுக்காக நட்டது. கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்து அது காவல் காத்தது என்றும் எழுத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜாக்களின் பேரே அழிந்துபோன மண்ணில், ஒரு நாயின் பெயர் 1,400 வருஷமாக நிற்கிறது!

கோவிவனுக்குக் காக்க ஒரு மந்தை இருந்தது. சுற்றித் திரிய மேய்ச்சல் நிலம் இருந்தது. கூடவே நிற்க ஓர் எஜமான் இருந்தான்.

மாடிப்படியில் கட்டப்போகிற அந்தக் குட்டிக்கு, இந்த மூன்றில் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்?