சுபாவக் கோட்பாட்டின் வளர்ச்சி: ஹிப்போகிரட்டீஸ் முதல் கேகன் வரை

புதியதைக் கண்டதும் எவ்வளவு விரைவாகக் கிளர்ந்தெழுகிறோம், எவ்வளவு நேரத்தில் தணிகிறோம் என்பதில் கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரியும் வேறுபாடே சுபாவம். வளர்ப்பும் அனுபவமும் அதன்மேல் படிந்து குணம் உருவாகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய மேற்கத்திய மருத்துவத்துக்கும் உளவியலுக்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஹிப்போகிரட்டீஸ் மரபினர் குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கின் சமநிலையே உடல்நலம் என்றனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன், வெம்மை, குளிர்மை, ஈரம், வறட்சி ஆகியவற்றின் கலவையே மனப்போக்கையும் வகுக்கிறது என்றார். கலகலப்பானவர், முன்கோபி, வாட்டமானவர், நிதானி என்ற நால்வகைப் பட்டியல் அவருக்குப் பின்வந்தோர் கையில்தான் உறுதிப்பட்டது. பித்தக் கணக்கு பொய்த்தாலும், மன வேறுபாட்டுக்கு உடலில் வேர் உண்டு என்ற ஊகம் பொய்க்கவில்லை. 1798இல் ஜெர்மன் தத்துவஞானி காண்ட் இதே நான்கு வகைகளை எடுத்தாண்டார். ரஷ்ய உடலியலாளர் பாவ்லவ் தம் ஆய்வுக்கூட நாய்களின் நரம்பு மண்டல வலிமை, சமநிலை, மாறும் வேகம் ஆகியவற்றைக் கொண்டு அந்நான்கு வகைகளுக்கும் புது விளக்கம் தந்தார்.

1920களில் அமெரிக்காவில், சூழலே நடத்தையை உருவாக்குகிறது என்ற உளவியலாளர் வாட்சனின் நடத்தையியல் ஓங்கியதும், பிறவி இயல்பு பற்றிய பேச்சே அடங்கிப்போனது. பிள்ளையின் கோளாறுக்கெல்லாம் தாயே காரணம் என்று சொல்லும் வழக்கமும் மனநல மருத்துவத்தில் வேரூன்றியது. இந்த அநீதியை ஏற்காத மருத்துவத் தம்பதி அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956இல் நியூயார்க்கில் கைக்குழந்தைகளைத் தொடர்ந்து ஆராயத் தொடங்கினர். குழந்தைக்குக் கஞ்சி பிடிக்கவில்லை என்று தாய் சொன்னால் அவர்கள் அதோடு விடவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டதா, துப்பியதா, அழுததா என்று கேட்டுக் குறித்துக்கொண்டனர். இவ்வாறு திரட்டிய விவரங்களிலிருந்து ஒன்பது இயல்புக்கூறுகள் தெளிந்தன. சுமார் 40 விழுக்காட்டுக் குழந்தைகள் இணக்கமானவர்கள். 10 விழுக்காட்டினர் சமாளிக்கக் கடினமானவர்கள். 15 விழுக்காட்டினர் மெல்லப் பழகுபவர்கள். எஞ்சியோர் எந்த வகையிலும் அடங்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியது இந்த ஆய்வின் சிறப்பு.

அவர்களது தலையாய கண்டுபிடிப்பு, சுபாவத்துக்கும் சூழலுக்கும் உள்ள பொருத்தம். நியூயார்க்கின் புவெர்ட்டோ ரிக்கோ தொழிலாளர் குடும்பங்களில் குழந்தை தூங்கும்போது தூங்கட்டும் என்று பெற்றோர் விட்டுவிட்டனர். நேரங்கெட்ட தூக்கம் அங்கே குறையாகவே படவில்லை. பள்ளிக்குக் காலையில் எழ வேண்டிய வயது வந்ததும் அதே இயல்பு தொல்லையானது. குழந்தை மாறவில்லை; குழந்தையிடம் எதிர்பார்க்கப்பட்டதுதான் மாறியது.

ஹார்வர்டில் உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளின் கண்முன் வண்ணப் பொம்மைகளை ஆட்டினார். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டார். ஆல்கஹால் நனைத்த பஞ்சை மூக்கருகே காட்டினார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் கைகாலை உதறி அழுதனர். ஐந்தில் இரு பங்கினர் அமைதியாகக் கிடந்தனர். இரண்டாம் வயதில் அந்நியரைக் கண்டு தாயை ஒட்டிக்கொண்டவர்கள் முதற்குழுவிலேயே மிகுதி. ஆயினும் அவர்களிலும் சிறு பகுதியினரே வளர்ந்த பிறகும் அச்சம் நீங்காதவர்களாக இருந்தனர். கூச்சம் விலகியவர்களின் மூளையிலும் சுவடு எஞ்சலாம்: இரண்டாம் வயதில் ஒதுங்கி நின்றவர்கள் இருபதுகளை எட்டியபின் புதிய முகங்களைப் பார்த்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலா அவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தூண்டப்பட்டதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது.

உளவியலாளர் மேரி ராத்பார்ட், கிளர்ந்தெழும் தன்மையோடு தன்னைக் கட்டுப்படுத்தும் திறனையும் சுபாவத்தின் கூறாகச் சேர்த்தார். நியூசிலாந்தின் டனீடினில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைத் தொடரும் ஆய்வு இதன் எடையை உணர்த்துகிறது. மூன்று வயதில் அமைதியற்று, கட்டுக்கடங்காமல் இருந்தவர்களிடம் இளமையில் அவசரப் போக்கும் சட்டச் சிக்கலும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் தொடர்பின் அளவு மிதமானதே. அக்குழந்தைகளில் பலர் எந்தச் சிக்கலுமின்றியே வளர்ந்தனர்.