நின்ற இடத்திலிருந்து: அப்பல்லோ கணினியின் ரீஸ்டார்ட்

போன மாசம் ஒரு போர்டு என்னை இரண்டு நாள் படுத்தி எடுத்தது. கரன்ட் போய் வந்தால் செட்டிங்ஸ் காலி. வோல்டேஜ் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸர் ஃப்ளாஷில் எழுதிக்கொண்டிருக்கிறது. ரீசெட் வந்து சேர்வதற்குள் பாதி எழுதி முடிந்துவிட்டது. அந்தக் கடுப்பில்தான், இதை 1960களில் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

எம்ஐடி ஆய்வகத்தில் வடிவமைத்த அப்பல்லோ வழிகாட்டு கணினியில், எழுதி அழிக்கக்கூடிய மெமரி வெறும் 2048 வேர்டுகள். ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் காந்த வளையம். கரன்ட் போனாலும் உள்ளே இருப்பது அழியாது. அப்போ பிரச்சினையே இல்லையே? இருக்கிறது. இந்த வகை மெமரியைப் படித்தாலே அதில் இருப்பது அழிந்துவிடும். படித்ததும் திருப்பி எழுத வேண்டும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் அந்த வேர்டு அவ்வளவுதான். அதனால் வோல்டேஜ் சரிவதைக் கவனிக்க ஒரு சர்க்யூட். சரிந்தால், கையில் இருக்கும் மெமரி சுழற்சியை (சுமார் 11.7 மைக்ரோசெகண்ட்) முடித்துவிட்டுத்தான் கணினி நிற்கும்.

நிற்பது சுலபம். திரும்ப எழுந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது? வேலைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு எண்ணைக் குறித்து வைத்தார்கள். அந்த எண்ணை மட்டும் அல்ல, அதன் பிட்டுகளைத் தலைகீழாக்கிய இன்னொரு பிரதியையும். எழுந்ததும் இரண்டையும் ஒப்பிடும். பொருந்தினால் குறித்த கட்டத்திலிருந்து தொடரும். பொருந்தாவிட்டால் 1107 என்று அலாரம் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: ஒரே கட்டம் இரண்டு தடவை ஓடினாலும் கணக்கு கெடக்கூடாது. பழைய வேகத்தோடு புது மாற்றத்தைக் கூட்டி அதே இடத்தில் எழுதிவிட்டால், ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி கூட்டிவிடும். விண்கலம் தப்பான வேகத்தை நம்பும். ஆகவே விடையைத் தனி இடத்தில் வைத்து, கட்ட எண்ணை மாற்றி, அதற்குப் பிறகுதான் நகலெடுப்பார்கள். நகலெடுப்பதை எத்தனை தடவை செய்தாலும் கெடுதல் இல்லை. அப்பல்லோ 11 இறங்கும்போது வந்த புகழ்பெற்ற 1202 அலாரமும் இதே ஏற்பாட்டைத்தான் கூப்பிட்டது. வேலை அதிகமாகிவிட்டது என்று கணினி தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டது.

1969 நவம்பர் 14 அன்று அப்பல்லோ 12 கிளம்பிய 36 விநாடியில் மின்னல் தாக்கியது. எரிபொருள் மின்கலங்கள் மூன்றும் இணைப்பிலிருந்து விலகின. 52ஆவது விநாடியில் இன்னொரு மின்னல். ராக்கெட்டை ஓட்டியது சாட்டர்ன் 5-இன் தனிக் கணினி, அது அசரவில்லை. கலத்தின் கணினி ரீஸ்டார்ட் ஆகி எழுந்தது, மெமரி அப்படியே இருந்தது. திசையை இழந்தது ஜைரோ மேடைதான்; அதை வீரர்கள் பூமியைச் சுற்றும்போது நட்சத்திரம் பார்த்துச் சரிசெய்தார்கள்.

என் போர்டில் ரீசெட் விழும் வோல்டேஜைக் கொஞ்சம் உயர்த்திவிட்டேன். செட்டிங்ஸும் இப்போது இரண்டு பிரதி.