திரவ மருந்துகளில் டைஎத்திலீன் கிளைகால் நச்சு

டைஎத்திலீன் கிளைகால் நிறமும் மணமும் அற்ற, இனிப்பான, சற்றே பிசுபிசுப்புள்ள திரவம். பிரேக் ஆயில், உறைதடுப்பி, பிசின் முதலியவற்றின் தயாரிப்பில் பயன்படுவது. மருந்தில் இதற்கு வேலையே இல்லை. ஆயினும் 1937 முதல் இருமல், காய்ச்சல் சிரப்புகளின் வழியாக இது பல நாடுகளில் உயிர் குடித்திருக்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். மருந்துப் பொருளைக் கரைக்கவும் பதமும் இனிப்பும் சேர்க்கவும் சிரப்புகளில் கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால், சார்பிட்டால் கரைசல் ஆகியவை ஊற்றப்படுகின்றன. டைஎத்திலீன் கிளைகால் கண்ணுக்கும் நாவுக்கும் இவற்றைப் போலவே இருக்கும். விலை மட்டும் குறைவு. எனவே இது தவறுதலாகவும் கலக்கிறது, தெரிந்தேயும் கலக்கப்படுகிறது. கிளிசரின் போன்ற கரைப்பான்களில் இது 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது மருந்துத் தரநூல்கள் வகுத்த எல்லை.

முதல் பெரிய நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. டென்னசி மாநிலத்து மாசெங்கில் நிறுவனம் சல்பனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து விற்றது. சுவையையும் நிறத்தையும் சோதித்தவர்கள் நச்சுத்தன்மையைச் சோதிக்கவில்லை. அன்றைய சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. நூறு பேருக்கு மேல் மாண்டனர். சந்தைக்கு வருமுன் மருந்தின் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற 1938-ஆம் ஆண்டுச் சட்டம் இதன் விளைவு. இன்றுள்ள மருந்து ஒப்புதல் முறையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

உடலில் நடப்பது

விழுங்கிய டைஎத்திலீன் கிளைகாலைக் கல்லீரலின் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ், ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் நொதிகள் ஹைட்ராக்சிஎத்தாக்சி அசிட்டிக் அமிலமாகவும் டைகிளைகாலிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. முன்னது இரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. பின்னது சிறுநீரக நுண்குழல்களின் செல்களில் தேங்கி அவற்றைக் கொல்கிறது. வேறொரு வேதிப்பொருளான எத்திலீன் கிளைகால் தரும் நச்சின் அடையாளமான ஆக்சலேட் படிகங்களுக்கு இதில் முக்கிய இடமில்லை. சிறுநீரில் படிகம் தென்படவில்லை என்பதற்காக மருத்துவர் ஐயத்தைக் கைவிடலாகாது.

தொடக்கத்தில் வாந்தி, வயிற்றுவலி, மந்தம். ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்து பின் அடியோடு நிற்கும், கிரியாட்டினின் ஏறும். பிழைத்தவர்களில் சிலருக்கு ஒரு வாரம் போல் கழித்து முகத்தசை வாதமும் கைகால் பலவீனமும் தோன்றும். முதற்கட்ட அறிகுறிகள் எல்லாமே, எந்த நோய்க்காக சிரப் கொடுக்கப்பட்டதோ அந்த நோயின் அறிகுறிகளாகவே தோன்றுவது இந்த நச்சின் வஞ்சகம். காய்ச்சல் முற்றிவிட்டது என்று எண்ணிப் பெற்றோர் அடுத்த வேளை மருந்தையும் புகட்டுகிறார்கள்.

தாமதமாகும் கண்டறிதல்

வங்கதேசத்தின் அனுபவம் இதற்குக் கசப்பான சான்று. டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனைக்கு 1990 முதல் 1992 வரை காரணம் புலப்படாத சிறுநீரகச் செயலிழப்புடன் 339 குழந்தைகள் வந்தனர், பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பாராசிட்டமால் திரவ மருந்துகளில் டைஎத்திலீன் கிளைகால் இருப்பது தெரியவந்து, 1992 இறுதியில் அவற்றின் விற்பனை தடுக்கப்பட்டது. அதன்பின் இத்தகைய மருத்துவமனைச் சேர்க்கைகள் 84 விழுக்காடு குறைந்தன. தடை உத்தரவே நோயறிதலை உறுதிப்படுத்திய அபூர்வ நிகழ்வு இது.

பனாமாவில் 2006-இல் மருத்துவர்கள் முதலில் சந்தேகித்தது இரத்த அழுத்த மாத்திரையான லிசினோபிரிலை. நோயாளிகளில் பலர் அதை உட்கொண்டிருந்தனர். வறட்டு இருமல் லிசினோபிரிலின் தெரிந்த பக்கவிளைவு. இருமியவர்களுக்கு அரசு சமூகக் காப்பீட்டு நிறுவனமே தயாரித்த சர்க்கரையற்ற சிரப் தரப்பட்டிருந்தது. குற்றவாளி அந்த சிரப்தான். கிளிசரின் என்று பெயர் ஒட்டிய பேரல்கள் சீனாவிலிருந்து ஸ்பெயின் வழியாகப் பனாமாவை அடைந்திருந்தன. கைமாறக் கைமாற, சான்றிதழிலிருந்து அசல் உற்பத்தியாளரின் பெயர் மறைந்துபோனது. வழியில் எவரும் பேரலைத் திறந்து சோதிக்கவில்லை. மருந்துப் பாதுகாப்பு பற்றிப் பேசுவோர் காகிதத்துக்கும் பேரலுக்கும் உள்ள இந்தத் தூரத்தைப் பனாமாவைக் கொண்டே விளக்குகிறார்கள்.

ஹைட்டி (1995–96), நைஜீரியா (1990, 2008) ஆகிய நாடுகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. 2022-இல் காம்பியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான் மூன்றிலும் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்தனர். மூன்று நாடுகளிலும் சேர்த்து எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. காம்பியா, உஸ்பெகிஸ்தான் நிகழ்வுகளில் சிக்கிய சிரப்புகள் இந்தியத் தயாரிப்புகள்.

இந்திய நிகழ்வுகள்

இந்தியாவுக்கும் இது புதிதன்று. 1972-இல் சென்னையில் குழந்தைகள் இறந்தனர். 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரின் 14 நோயாளிகளைப் பலிகொண்டு, நீதிபதி லென்டின் ஆணைய விசாரணைக்கு வழிவகுத்தது. 1998-இல் குருகிராம், 2019–20-இல் ஜம்முவின் ராம்நகர் எனப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு முறையும் விசாரணை நடந்தது; ஆனால் கரைப்பானை வாசலிலேயே சோதிக்கும் வழக்கம் சிறு ஆலைகளில் ஊன்றவில்லை.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது. அவர்கள் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ சிரப், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஆலையில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 விழுக்காடு இருந்தது; அனுமதிக்கப்பட்ட எல்லையைப் போல் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு. இறந்த குழந்தைகள் இருபதுக்கும் மேல். ஆலையின் உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார். சிரப்பை எழுதிக்கொடுத்த உள்ளூர் மருத்துவரும் கைதானது மருத்துவ உலகில் கடும் விவாதத்தைக் கிளப்பியது. உரிமம் பெற்ற கடையில் விற்கும் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை எழுதிக்கொடுப்பவர் எப்படி அறிவார் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது; பல மருந்துகள் சேர்ந்த அந்த சிரப் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குத் தேவையா என்ற கேள்வி வேறு.

ஒழுங்குமுறையின் ஓட்டையும் அப்போது அம்பலமானது. காம்பியாவுக்குப் பின், ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புகள் 2023 ஜூன் 1 முதல் ஆய்வகச் சோதனைக்குப் பிறகே கப்பலேற முடியும். உள்நாட்டில் விற்பவைக்கு அத்தகைய முன்சோதனை இருக்கவில்லை; உலக சுகாதார நிறுவனம் இதைக் கவலையோடு சுட்டிக்காட்டியது. சோதனையோ பெரும் செலவு பிடிப்பதன்று: மென்படல நிறப்பிரிகையால் சந்தேகத்துக்குரிய மாதிரிகளைப் பிரித்தெடுத்து, அவற்றை மட்டும் வளிம நிறப்பிரிகையால் உறுதிசெய்யலாம்.

மருத்துவம்

சாதாரணக் காய்ச்சலோ சளியோ வந்த குழந்தைக்குத் திடீரெனச் சிறுநீர் நின்று, இரத்தத்தில் அமிலத்தன்மையும் கூடியிருந்தால் இந்த நச்சை நினைக்க வேண்டும். ஒரே வட்டாரத்திலிருந்து இரண்டாவது குழந்தையும் வந்தால் ஐயம் வலுக்கிறது. ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸைத் தடுக்கும் ஃபோமெப்பிசோல், அது கிடைக்காத இடத்தில் எத்தனால், தொடக்கத்திலேயே தந்தால் உதவும்; நச்சமிலங்கள் உருவான பிறகு பயன் சொற்பம். டயாலிசிஸ் சிகிச்சையின் முதுகெலும்பு. பயன்படுத்திய புட்டியை அதன் லேபிளும் மிச்ச மருந்துமாக வாங்கி வைத்து, தொகுதி எண்ணுடன் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் மருந்து எதிர்விளைவுக் கண்காணிப்பு மையத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். இந்தியச் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபரில் விடுத்த அறிவுரை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழ் அவை பொதுவாகப் பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்றும் கூறுகிறது.